படகு இன்று ஓடாது

ஒரு முறை அழுத்தினேன்.
கண்ட்ரோலும் சி-யும். இடது கையின் இரண்டு விரல்,
பதினாறு வருடப் பழக்கம்.
திரையில் ஒரு கூரைக் குறி விழுந்தது, பக்கத்தில் ஒரு சி.
அவ்வளவுதான். நிரல் நிற்கவில்லை.

வெளியே டோர்ஷவுன் துறைமுகத்தைக் காணோம்.
மூடுபனி ஜன்னல்வரை வந்து
உள்ளே யாரென்று பார்த்துக்கொண்டிருந்தது.

சோதனைக்காகத்தான் ஓட்டினேன்.
ஒரே எண்ணுக்கு, என் எண்ணுக்கு, ஒரே ஒரு செய்தி:
நோல்சோய் படகு இன்று ஓடாது.
பட்டியலை மாற்ற மறந்திருக்கிறேன்.
போய்விட்டது தீவு முழுவதற்கும்,
இருநூற்றுப் பதினோரு பேருக்கு.
படகோ
பனிக்குள் கொம்பூதியபடி ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி அழுத்தினேன்.
மறுபடி கூரை, மறுபடி சி,
மறுபடி செய்தி.
மூடிய லிஃப்டின் பொத்தானைக் குத்துகிறவள்போல
குத்தினேன், குத்தினேன்.
கரையோரத்துப் புல்கூரை வீடுகள் மாதிரி
கூரை கூரையாக
ஒரு தெருவே எழுந்துவிட்டது திரையில்.

டும்மஸ் கூப்பிட்டார்.
"படகில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ரன்வா.
படகு ஓடாதென்று ஒன்பதாவது தடவை சொல்கிறாய்.
இறங்கிவிடட்டுமா, பாதிக் கடலில்?"

ஹோக்னி இரண்டு காபியோடு வந்தான்.
விசைப்பலகை செத்துவிட்டதா என்றான்.
இல்லை. கூரை விழுகிறதே,
டெர்மினலுக்கு நான் சொல்வது கேட்கிறது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்றாலாவது
மனசு ஆறும்.
இது கேட்கிறது. கேட்டுவிட்டுத்தான் செய்கிறது.

"கொஞ்சம் கையை எடு," என்றான்.

எடுத்தேன்.
கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்,
பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவள்போல.
அரை நிமிடம்.
ஒரு நிமிடம்.
ஒரு செய்தியும் போகவில்லை.

ஒரே ஒரு தரம் தொட்டேன்.
இருநூற்றுப் பதினோரு பைகளில்
இருநூற்றுப் பதினோரு சிணுங்கல்.

அப்படியானால் அது பாட்டுக்குச் சும்மா காத்திருந்தது.
நில் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும்
முதலிலிருந்து தொடங்கியது.

கோப்பைத் திறந்தோம். எண்பத்தெட்டாம் வரி:
என்ன தவறு வந்தாலும் பிடித்துக்கொள்,
விழாதே, மறுபடி முயற்சி செய்.
மேலே குறிப்பு: பிப்ரவரி, அதிகாலை மூன்று மணி.
எழுதியவள் பெயர் என்னுடையது.

நான்கு வருடம் முன்பு, அந்தப் புயலன்று,
யாரோ தப்பாய்க் கொடுத்த ஒற்றைத் தொலைபேசி எண்ணில் தடுக்கி
இதே நிரல் நடுவழியில் படுத்துவிட்டது.
எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.
பதினோரு பேர் ஆலங்கட்டி மழையில்
வராத படகுக்காக இரண்டு மணி நேரம் நின்றார்கள்.
அந்தக் கோபத்தில் எழுதினேன்:
எது வந்தாலும்.
அந்த 'எது'வில்
என் விரலும் அடக்கம் என்று
தோன்றவில்லை அப்போது.

கண்ட்ரோலோடு இசட்.
சாகவில்லை, உறைந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னணியில் நின்றது
நான்காயிரத்து நானூற்றுப் பதினேழு என்ற எண்ணோடு.
பிறகு ஒன்பதாம் சமிக்ஞை.
அதைப் பிடித்துக்கொள்ள எந்த நிரலுக்கும் கையில்லை.
வாதாட நேரம் கிடையாது,
கேட்பதற்குள் ஆள் இல்லை.

கர்சர் திரும்பிவந்து மினுக்கியது,
ஒன்றுமே நடக்காததுபோல.

எண்பத்தெட்டுக்கு மேலே இரண்டு வரி சேர்த்தேன்.
விரல் சொன்னால் மட்டும் நில்.
மற்றதற்கெல்லாம் பழைய பிடிவாதம் இருக்கட்டும்,
அதைத் தொடவில்லை.

இனி ஒரு செய்தி பாக்கி. எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.
பட்டியலை மூன்று முறை பார்த்தேன், ஹோக்னி ஒரு முறை.
காபியில் ஆடை படிந்திருந்தது.
படகு ஓடுகிறது. மன்னிக்கவும்.
அனுப்பிவிட்டு
இரண்டு விரலையும் கண்ட்ரோல் மேலும் சி மேலும் வைத்தபடி
காத்திருந்தேன், அழுத்தாமல்.

போனது ஒரு முறை மட்டும்.

டும்மஸிடமிருந்து பதில் வந்தது:
தெரியும். இறங்கிவிட்டேன்.
கரையில்தான்.